தலைதட்டிய அரைக் கரண்டி உப்பு



உப்பு, சீனி, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி எழுத ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என்ன இருக்கின்றது என்று சிலர் நினைக்கக்கூடும். இது சமையற்குறிப்பு அன்று. மருத்துவம் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால், அளவு என்பது பள்ளிக்கூடத்தின் பாடம். கிராம், மில்லிலிட்டர், கால், அரை, முக்கால் என்று ஆண்டு முழுவதும் கற்பிக்கின்றோம். அந்தப் பாடம் ஒரு குழந்தையின் உயிரோடு நேராகத் தொடர்புகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகின்றேன்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. ஆண்டு 2 வகுப்பில் மட்டும் ஒரே நாளில் ஏழு பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர் புலனக் குழுவில் வழக்கம்போல் அறிவுரைகள் குவியத் தொடங்கின. அவற்றுள், 'வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். தயாரிக்கலாம்' என்ற தலைப்பில் மூன்று குறிப்புகள் அந்த வாரத்திலேயே வலம் வந்தன. மூன்றும் மூன்று விதமாக இருந்தன. முதல் குறிப்பு, ஒரு குவளை நீரில் ஒரு சிட்டிகை உப்பையும் மூன்று கரண்டி தேனையும் கலக்கச் சொன்னது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது அதை அனுப்பியவருக்குத் தெரியாது போலும். இரண்டாவது, இளஞ்சிவப்பு நிற இமாலய உப்பும் எலுமிச்சையும் போதும் என்றது, சீனியே இல்லை. மூன்றாவதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரு குவளை நீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி என்று அதில் எழுதியிருந்தது. எங்கோ, யாரோ, தட்டச்சு செய்தபோது எண்களும் பொருள்களும் இடம் மாறிவிட்டன. அதன் கீழே கைகூப்பிய படங்கள் மட்டும் வரிசையாக நின்றன.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தூளுப்பு ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 6 கிராம். இரண்டு தேக்கரண்டி என்றால் 12 கிராம். 250 மில்லிலிட்டர் நீரில் 12 கிராம் என்பது, லிட்டருக்கு 48 கிராம் ஆகின்றது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உண்டு. நீர் வற்றிச் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்குக் கடல்நீரைவிட உப்பான ஒன்றைக் குடிக்கக் கொடுக்குமாறு அந்தக் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தது! இரத்தத்தில் உப்பு அளவுக்கு மீறி ஏறினால், உடலின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும்; மூளையின் உயிரணுக்களும் அதற்கு விலக்கல்ல. வலிப்பு வரும்; உயிரும் போகக்கூடும்.

நான் உடனே குழுவில் எழுதினேன். எழுதிச் சிறிது நேரத்தில் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் படிக்கின்றாள். இளையவனுக்குப் பதினான்கு மாதம். "டீச்சர், நான் அதைக் கலக்கிவிட்டேன். பால்புட்டியிலும் ஊற்றிவிட்டேன். அத்தைதான், பிள்ளைக்குக் கொடுப்பதற்குமுன் நான் ஒரு வாய் பார்க்கிறேன் என்று வாங்கி வாயில் வைத்தார். வைத்த உடனே துப்பிவிட்டார்" என்றார். குரல் நடுங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியின் நாக்கு, திறன்பேசியில் வந்த குறிப்பைத் திருத்தியிருக்கின்றது. இக்கரைசலைப் பற்றி மருத்துவத் துறையினர் தாய்மார்களுக்குச் சொல்லும் விதியும் அதுதான்: கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட வேண்டும். பிள்ளையைச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டுபோகச் சொன்னேன்; அங்கே கொடுத்த உப்புப் பொட்டலங்களிலேயே இரண்டு நாள்களில் தேறிவிட்டான்.

என் இளமைக்காலம் தோட்டப்புறத்தில் கழிந்தது. லயத்து வீடுகளில் வயிற்றுப்போக்கு என்பது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. அக்காலத்தில் பெரியவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தது. 'போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்' என்பார்கள். ஆகவே பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வரிசையில் நான்காவது வீட்டில், பேச்சு வராத ஒரு பெண்குழந்தை அப்படித்தான் போனாள். நாக்கு வறண்டு, கண்கள் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல் கிடந்தாள் என்று என் தாயார் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கின்றார். தோட்டத்து டிரெஸர் வந்து பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. அக்குழந்தையின் உயிரைப் பறித்தது வயிற்றுப்போக்கு மட்டுமன்று. உடலைவிட்டுப் போன நீரையும் உப்பையும் யாரும் திருப்பிக் கொடுக்காததும்தான்.

என் தாயார் மட்டும் அந்த நம்பிக்கையை ஏற்காதவர். எங்களுக்கு வயிறு சரியில்லையென்றால், குழைய வேகவைத்த சோற்றிலிருந்து கஞ்சித் தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு, அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். 'தெம்பு வரும்' என்பதற்குமேல் அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. பிற்காலத்தில் நான் படித்தறிந்தது வியப்பைத் தந்தது. அரிசி மாவைக் கொண்டு செய்யும் உப்புக் கரைசலை மருத்துவ ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்திருக்கின்றார்கள். வாந்திபேதி என்னும் காலராவில் அது நன்கு பயன்பட்டிருக்கின்றது. அரிசியின் மாச்சத்து குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாகப் பிரிவதே அதற்குக் காரணம். ஆயினும் பாட்டி வைத்தியம் எல்லாமே அறிவியல் என்று முழங்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்தியதும் பாட்டி வைத்தியம்தான்.

சரி, பள்ளிக்கு வருவோம். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, ஆண்டு 5 மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் வீட்டில் 'தேக்கரண்டி' என்று எதைச் சொல்கின்றார்களோ அந்தக் கரண்டியையும், 'ஒரு லிட்டர் போத்தல்' என்று எதைச் சொல்கின்றார்களோ அந்தப் போத்தலையும் கொண்டுவர வேண்டும். அறிவியல் அறையிலிருந்து மின்னியல் தராசையும் அளவுருளையையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வந்த கரண்டிகளைப் பார்த்திருக்க வேண்டுமே! காப்பி கலக்கும் குட்டிக் கரண்டி, பிறந்தநாள் விருந்தில் மிஞ்சிய பனிக்கூழ்க் கரண்டி, சோறு சாப்பிடும் பெரிய கரண்டி, மருந்துப் போத்தலோடு வந்த நெகிழிக் கரண்டி எனப் பலவகை. ஒருவன் மீ சூப் கடையில் கொடுக்கும் குழிந்த கரண்டியைக் கொண்டுவந்து, "எங்கள் வீட்டில் இதுதான் டீச்சர் தேக்கரண்டி" என்றான். ஒவ்வொருவரையும் அரைக் கரண்டி தூளுப்பு எடுக்கச் சொல்லி எடைபோட்டோம். மிகக் குறைவாக வந்தது ஒன்றரை கிராம். மிக அதிகம் 11 கிராம். எல்லாம் 'அரைக் கரண்டி'தான்! கரும்பலகையில் எழுதிய எண்களைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பிறகு அந்த மூன்றாவது குறிப்பைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அடுத்து, ஒரே கரண்டியை இரண்டு விதமாக அளந்தோம். முதலில் கூம்பாகக் குவித்து. பிறகு கத்தியின் முதுகால் வழித்து. குவித்தபோது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பு இருந்தது. நம் முன்னோர் நெல்லையும் அரிசியையும் படியால் அளந்த காலத்தில் 'தலைதட்டி அளப்பது' என்றொரு வழக்கு இருந்தது; படியின் வாய்க்குமேல் நிற்பதை வழித்துவிட்டு அளப்பது. அச்சொல்லை மாணவர்கள் ஒருவரும் கேட்டதில்லை. 'சமமான கரண்டி', 'மட்டமான கரண்டி' என்றெல்லாம் இப்போது மொழிபெயர்க்கின்றார்கள். மட்டமான கரண்டி என்றால் நம் பிள்ளைகள் மலிவான கரண்டி என்றல்லவா நினைப்பார்கள்? தலைதட்டிய கரண்டி என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றே பிடித்துக்கொண்டார்கள்.

அரைக் கரண்டியை எப்படி அளப்பது என்பதும் ஒரு சிக்கல். கரண்டியின் குழி வளைந்திருப்பதால் பாதி நீளம் வரை நிரப்பினால் பாதி ஆகிவிடாது. ஒரு மாணவி நல்ல வழியொன்று சொன்னாள்: தலைதட்டிய முழுக் கரண்டி உப்பை வெள்ளைத்தாளில் கொட்டி, அடிக்கோலால் நீளமாக இழுத்து, நடுவில் இரண்டாகப் பிரிப்பது. பின்னப் பாடம் அவளுக்கு நன்றாக ஏறியிருக்கின்றது. கல்லுப்பைத் தூளுப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எடைபோட்டே கண்டுகொண்டார்கள். கற்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் அதே கரண்டியில் எடை மாறுபடும்.

போத்தல்களின் கதை தனி. பெரும்பாலானோர் கொண்டுவந்தது கடையில் வாங்கிய குடிநீர்ப் போத்தல். அதன் கொள்ளளவு ஒரு லிட்டர் அன்று, 1.5 லிட்டர். அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றது, ஒருவரும் படித்ததில்லை. 500 மில்லிலிட்டர் போத்தலால் இரண்டு முறை அளப்பதே பிழையில்லாத வழி என்று முடிவுசெய்தோம்.

இனி, அளவைச் சொல்லிவிடுகின்றேன். ஆறவைத்த கொதிநீர் ஒரு லிட்டர். தலைதட்டிய 5 மில்லிலிட்டர் தேக்கரண்டியால் சீனி 6. அதே கரண்டியால் உப்பு அரை. இவ்வளவுதான். உப்பு ஏறத்தாழ 3 கிராம், சீனி ஏறத்தாழ 25 கிராம் வரும். நன்றாகக் கரைத்து, மூடி வைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கலந்தபின் மீண்டும் கொதிக்க வைக்கக் கூடாது; நீர் ஆவியாகிக் கரைசல் அடர்ந்துவிடும்.

"உப்புப் போய்விட்டது, அதனால் உப்புக் கொடுக்கிறோம். ஆனால் சீனி ஏன் டீச்சர்? ருசிக்கா?" என்று கேட்டான் அந்த மீ சூப் கரண்டிக்காரன். நல்ல கேள்வி. மருத்துவ உலகம் அக்கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின.

அவனுக்கு நான் சொன்ன விளக்கம் இது. வங்கியில் நகை வைக்கும் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று நம்மிடம், மற்றொன்று வங்கியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். சிறுகுடலின் உட்சுவரில் அப்படியொரு வாசல் இருக்கின்றது. உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோசு மூலக்கூறும் ஒன்றாக உள்ளே போகும். அவற்றின் பின்னே நீரும் போகும். 1960ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் இந்தக் கூட்டுப் பயணத்தை விளக்கினார். இதில் அருமை என்னவென்றால், காலராக் கிருமியின் நஞ்சு குடலின் வேறு வழிகளைக் கெடுத்தாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை. அதனால்தான் வெறும் உப்புநீர் சரியாக உறிஞ்சப்படாத நோயாளிக்கும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் உள்ளே இறங்குகின்றது. சீனி குடலில் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிவதால் வீட்டுச் சீனியே போதுமானது.

அப்படியானால் சீனியை அள்ளிப் போட்டால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. வாசல் ஏற்கும் அளவுக்குமேல் சர்க்கரை குடலில் தேங்கினால், அது உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு அதிகமாகும். வயிறு சரியில்லாத பிள்ளைக்குச் சிவப்புச் சீரப்பும் காற்றடைத்த இனிப்புப் பானமும் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு விடை இதுவே. உலகச் சுகாதார நிறுவனமேகூட 2002இல் தன் கலவையில் உப்பையும் குளுக்கோசையும் குறைத்துத் திருத்தியமைத்தது. இன்று ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டு என்பது அதன் அளவு. நம் வீட்டுக் கலவையில் கடைசி இரண்டும் இல்லை. ஆகவே மருந்தகத்துப் பொட்டலம் கிடைக்குமிடத்தில் அதற்கே முதலிடம். வீட்டுக் கலவை, நள்ளிரவில் கடை திறந்திராதபோதும் வெள்ளத்தில் ஊர் முடங்கிக் கிடக்கும்போதும் கைகொடுக்க வேண்டியது.

1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இரு இளம் மருத்துவர்கள், காலரா நோயாளிகள் வாய்வழியாகவே இழந்த நீரை மீட்கமுடியும் என்று நிறுவினர். ஆயினும் இது மருத்துவமனைக்கு வெளியே, மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஆகக்கூடிய காரியமா என்ற ஐயம் பலரிடம் இருந்தது. 1971ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போரின்போது, எல்லையைத் தாண்டி மேற்கு வங்காளத்திற்கு அகதிகள் வெள்ளமெனத் திரண்டார்கள். போன்காவ் என்ற ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர், உப்பு, குளுக்கோசு, சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டுப் பைகளில் அடைத்துக் கொண்டுவரச் செய்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலையில், அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருதை வழங்கியது. வாழ்ந்த காலத்தில் அவர் பெயரைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஆசிரியர் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அடுத்து நடந்ததுதான். வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு இக்கரைசலைத் தயாரிக்கக் கற்பித்தது. சென்ற வீடுகள் 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேல். அவ்வீடுகளில் அளவுக் கரண்டி கிடையாது, சீனியும் அரிது. எனவே மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று பாடத்தை அமைத்தார்கள். வீட்டிலுள்ள பாத்திரத்தில் அரை சேர் எதுவரை வரும் என்று அளந்து குறியிட்டுக் கொடுத்தார்கள். நினைவில் நிறுத்த வேண்டிய செய்திகள் மொத்தம் பத்து, அதற்குமேல் இல்லை. கேட்ட தாய் தன் கையால் கலக்கிக் காட்டினால்தான் பாடம் முடியும். கலக்கிய நீரின் மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உப்பின் அளவைச் சோதித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளைத் தேர்ந்து, தாய்மார்களுக்கு என்ன நினைவிருக்கின்றது, சரியாகக் கலக்கின்றார்களா என்று பார்த்தார். கற்பித்தவரின் ஊதியம் அந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்தே அமைந்தது! எத்தனை வீடுகளுக்குப் போனார் என்பதைப் பொறுத்தன்று. எத்தனை தாய்மார்களுக்குப் பாடம் தங்கியது என்பதைப் பொறுத்து. நம் பள்ளிகளிலும் இப்படிச் செய்தால் என்னவாகும் என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பார்த்தேன். ஒரு நண்பர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். அவர் நிலையும் எனக்குப் புரிகின்றது.

அங்கே சிட்டிகை அளவு வென்றதே, நாம் மட்டும் ஏன் கரண்டியும் தராசும் என்று அலட்டிக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்தச் சிட்டிகையை ஒவ்வொரு தாயின் விரலிலும் நேரில் பார்த்துத் திருத்தியபிறகே விட்டுவந்தார்கள். புலனத்தில் வரும் 'ஒரு சிட்டிகை'யை யார் திருத்துவது?

இப்போது நம் நாட்டு வெயிலுக்கு வருகின்றேன். 2016 ஏப்ரலில் வெப்பம் மிகுந்து பெர்லிஸ் மாநிலத்திலும் கெடாவின் இரண்டு மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடியதையும், 2023 மே மாதத்தில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வி அமைச்சு பணித்ததையும் ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு குறுக்கோட்டப் பயிற்சி என்றாலே பெற்றோர்கள் பிள்ளைகளின் பையில் விளையாட்டுப் பானங்களை வைத்து அனுப்புகின்றார்கள். நம் ஊரில் அவ்வகைப் பானத்திற்கே '100 பிளஸ்' என்பது பொதுப்பெயராகிவிட்டது. பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூறாவது ஆண்டையொட்டி 1983இல் வெளியிட்டதால் வந்த பெயர் அது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவ்வகைப் பானங்கள் நெடுநேரம் வியர்வை சிந்தும் விளையாட்டாளருக்காக வந்தவை. பொதுவாக அவற்றில் ஓ.ஆர்.எஸ். கரைசலைவிடச் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. வயிற்றுப்போக்குக்கு அவற்றை மாற்றாகக் கொள்ளக் கூடாது. இளநீரும் அப்படியே. நல்ல பானம்தான், பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வயிற்றுப்போக்கில் இழக்கும் சோடியத்தை ஈடுசெய்ய அது போதாது. எலுமிச்சைச் சாற்றில் அசாம்போய் போட்டுச் சிற்றுண்டிச்சாலையில் விற்கின்றார்களே, அது நாவுக்கு இதம். அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

முக்கால் மணி நேரம் ஓடியாடும் பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியவை வெறுந்தண்ணீரும் நிழலும்தான். வியர்வையில் போன உப்பை அடுத்த வேளைச் சாப்பாடே கொடுத்துவிடும். இதைச் சொன்னால் சில பெற்றோர்களுக்கு ஏமாற்றமாக இருக்கின்றது; காசு கொடுத்து வாங்கினால்தான் பிள்ளைமீது அக்கறை என்று ஆகிவிட்டதோ என்னவோ. பயிற்சியைக் காலை எட்டு மணிக்குமுன் முடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெயிலில் நின்ற பிள்ளை உளறினாலோ, தடுமாறி விழுந்தாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, அங்கே பானத்திற்கு வேலையில்லை. நினைவு தடுமாறும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 999 எண்ணுக்கு அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்குக் கரைசலைக் கொடுக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போனபின்னும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர். அதற்கு மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர். ஒரே மூச்சில் அன்று; மிடறு மிடறாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு கரண்டியாகக் கொடுக்கலாம். 'கொடுத்ததெல்லாம் வாந்தியாகப் போகிறது' என்று நிறுத்திவிடுவோர் பலர். உண்மையில் பெரும்பகுதி உள்ளே தங்கவே செய்கின்றது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு வீட்டில் எதையும் கலக்காமல், தாய்ப்பாலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போய்விடுங்கள். கண் குழிவிழுதல், கண்ணீர் வற்றுதல், சிறுநீர் நின்றுபோதல், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புதல், குடிக்க முடியாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் போதும் என்று இருந்துவிடக் கூடாது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ள பெரியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்க வேண்டாம்.

மருந்தகத்துப் பொட்டலத்திலும் ஒரு கண்ணி இருக்கின்றது. சில பொட்டலங்கள் ஒரு லிட்டருக்கானவை. நம் நாட்டில் பரவலாகக் கிடைப்பவை ஒரு குவளைக்கானவை, அதாவது 200 அல்லது 250 மில்லிலிட்டருக்கு. லிட்டர் பொட்டலத்தைக் குவளையில் கரைத்தால் நான்கு மடங்கு உப்பாகும். குவளைப் பொட்டலத்தை லிட்டரில் கரைத்தால் நீர்த்துப் பயனற்றுப்போகும். உறையின்மேல் எழுதியிருப்பதைப் படித்தே கரைக்க வேண்டும். எங்கள் ஆண்டு 5 மாணவர்கள் இதற்காகவே ஒரு சுவரொட்டி தயாரித்திருக்கின்றார்கள். சிற்றுண்டிச்சாலை வாசலில் ஒட்டியிருக்கின்றோம். எழுத்துப்பிழை ஒன்றிருந்தது, திருத்திவிட்டோம்.

அந்த மூன்றாவது குறிப்பை எங்கள் குழுவிலிருந்து நீக்கியாகிவிட்டது. ஆனால் சென்ற கிழமை அடுத்த ஊர்ப் பள்ளியில் பணியாற்றும் தோழி, தம் பள்ளிக் குழுவிற்கு வந்ததாகச் சொல்லி அதையே எனக்கு அனுப்பினார். எண்கள் மாறவில்லை. இப்போது ஓர் அழகான படமும் சேர்ந்திருக்கின்றது. உங்கள் குழுவிற்கு வந்தால், தயவுசெய்து சரியான அளவை எழுதிப் போடுங்கள்.

வரும் சனிக்கிழமை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் அறிவியல் அறையில் இருப்பேன். வீட்டுக் கரண்டியையும் போத்தலையும் கொண்டு வாருங்கள். உப்பும் தராசும் அங்கே இருக்கும்.